புல்தரை போட மாட்டேன்: குளத்தூர்ப் பக்கம் நொச்சி வெட்டப் போன கதை

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை குளத்தூர்ப் பக்கம் போய்வந்தேன். கோயில் குளம் பார்க்க அல்ல, வேலிக்கு நொச்சிப் போத்து, அதாவது நட்டால் துளிர்க்கும் கிளைத்துண்டு, வெட்டிவர. காரணம் கோபம்தான். புதுக்கோட்டைக்கு வெளியே புது நகர் ஒன்றில் என் வீடு. வாசலில் போட்ட கொரியன் புல் இரண்டு கோடையிலும் கருகியது. மூன்றாம் முறையும் போர்வெல் தண்ணீரை அதற்குக் கொட்ட மனமில்லாமல் ஆவாரையும் தும்பையும் விதைத்தேன். அவை வளர்ந்து அடர்ந்ததும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வந்து நின்றார்.

"என்னங்க இது, பொதரா? பாம்பு வரும். ஞாயித்துக்கெழம தெருவ ஜேசிபி வச்சு சுத்தம் பண்றோம். ஒங்க வாசலையும் வழிச்சிருவோம்."

வழிப்பார்களா? வேலியையும் சேர்த்தே போட்டுவிடுவது என்று முடிவுசெய்தேன்.

காலை ஆறரைக்குப் பேருந்து, ஒரு மணி நேரம். அங்கிருந்து ஆட்டோ, போகவர முந்நூறு ரூபாய். அய்யனார் கோயில்காட்டு ஓரம் இறங்கினேன். யாரும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றாமலே காரைச் செடியும் வீரை மரமும் அடர்ந்து நின்றன. செயலாளரின் காதைப் பிடித்து இழுத்துவந்து காட்டத் தோன்றியது.

"அக்கா, உள்ளாற ஒரு குச்சியக்கூட ஒடிச்சிறாதீங்க, சாமி குத்தமாயிரும்" என்றார் ஆட்டோக்காரர். அங்கே காய்ந்த விறகைக்கூட யாரும் எடுப்பதில்லை.

காட்டை ஒட்டிய வயல் செல்லம்மா என்பவருடையது. வரப்பில் தானாக வளர்ந்த நொச்சியை அவரே வெட்டிக் கட்டிக் கொடுத்தார். என் கதையைக் கேட்டுச் சிரித்தார்.

"கோயில்காட்டுச் செடின்னு சொல்லிப்புடுங்க. எவன் கை வைப்பான்?"

அன்று மாலையே நட்டேன். மறுநாள் ஜேசிபி வந்தது, கூடவே செயலாளரும். ஓட்டுநர் வேலியைப் பார்த்துவிட்டு, "இது எங்கிட்டு வெட்டுனதுங்க?" என்றார்.

"குளத்தூர் அங்கிட்டு, அய்யனார் கோயில் பக்கம்."

அவர் கை நின்றது. செயலாளரும் ஓரடி பின்வாங்கினார். "கோயில்காடா?"

தலையாட்டியிருந்தால் போதும். ஆனால் சாமிக்குப் பயந்து விட்டுவைக்க இது என்ன காணிக்கையா? என் வாசல்.

"இல்லைங்க, காட்டுக்கு வெளிய வரப்புல வெட்டுனது. சாமிக்குப் பயப்பட வேணாம். பட்டா என் பேருல இருக்கு. என்னையக் கேட்டுட்டு வழிங்க."

ஓட்டுநர் நிஜமாகவே கேட்டார். "வழிக்கட்டுங்களா?"

"முடியாது."

வண்டி பின்னால் போயிற்று. செயலாளர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. நொச்சி துளிர்த்துவிட்டது.

போக நினைப்பவர்களுக்கு: ஐப்பசி மழைக்கு முன் போத்தை நட்டுவிடுங்கள். வேர் பிடித்தபின் அது உங்களிடம் தண்ணீர் கேட்காது. வரப்புக்காரரைக் கேட்டு வெட்டுங்கள், கோயில்காட்டுக்குள் கை வைக்காதீர்கள். யாராவது வழிக்க வந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்தாதீர்கள். வாசலில் நின்று, முடியாது என்று சொல்லுங்கள்.