கரடிக் காட்டில் சகலனோடு

இருந்தவர்கள் இவர்கள்.

நான்.

என் மனைவி ராணி.

ராணியின் தங்கை சுகி. ரொறன்ரோவில் இருப்பவள்.

சுகியின் கணவன் பாலன். எனக்குச் சகலன்.

ஒரு நீலப் பீப்பாய். உள்ளே மட்டன் றோல்ஸ்.

பிறகு, கரடி. அதைப் பற்றிக் கடைசியில்.

இரண்டு கிழமையாக இந்தப் பத்தி ஏன் வரவில்லை என்று இங்கே ஆஸ்திரேலியாவில், பென்டில் ஹில் மரக்கறிக் கடையில் ஒருவர் மறித்துக் கேட்டார். "எழுத ஒண்டும் இல்லையோ?" என்றார். இருந்தது. நான்தான் இங்கே இல்லை. கனடாவின் வடக்கே ஒரு நீர்வீழ்ச்சி பார்க்கப் போயிருந்தேன்.

நீர்வீழ்ச்சி பார்க்க ஏன் அவ்வளவு தூரம்? பக்கத்திலிருக்கும் புளூ மவுண்டன்ஸ் மலை போதாதா? காரை நிறுத்திக் கொஞ்சம் நடந்தால் தண்ணீர் தெரியுமே...

காரணம் தண்ணீர் இல்லை. பாலன்.

நாலு வருஷமாக நான் பாலனோடு கோபம்.

பிளாக்டவுனில் என் மகனின் கல்யாணம். ஹோல் நிறைய ஆட்கள். நன்றி சொல்லச் சொல்லி மைக்கைத் தந்தார்கள். "வந்ததுக்கு நன்றி. எல்லாரும் சாப்பிட்டுப் போங்கோ" என்றேன். போய்க் கதிரையில் இருந்துவிட்டேன். அதில் என்ன குறை? நன்றியும் இருக்கிறது. சாப்பாடும் இருக்கிறது.

பாலன் எழும்பினான். மைக்கை எடுத்தான்.

"அண்ணை இந்த வருஷக் கதையை இண்டைக்கே கதைச்சு முடிச்சிட்டார். இனி அடுத்த பொங்கலுக்குத்தான் வாய் திறப்பார்!"

ஹோல் சிரித்தது. சம்பந்தி சிரித்தார். அவருடைய தோள் குலுங்கியதைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து பாலனோடு கதையில்லை.

இப்போது அவன் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை மெல்பேர்ன் பெடியன். தை மாதம், அங்கேயே. நான் வரமாட்டேன் என்றேன். ராணி குசினியில் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்தாள்.

"எனக்கிருக்கிறது ஒரு தங்கச்சி. அவளின்ரை பிள்ளையின்ரை கலியாணத்திலை நான் தனிய நிண்டு என்ன சொல்லுறது? அவருக்குச் சுகமில்லை எண்டு பொய் சொல்லவோ?"

நான் பேப்பரைப் புரட்டினேன்.

"இந்த லீவுக்குக் கனடா போறம். நாலு பேரும் ஒண்டா ஒரு இடம் பாப்பம். திரும்பி வாறதுக்குள்ளை அவரோடை கதைச்சுத் தீருங்கோ. இல்லாட்டி நானும் கலியாணத்துக்குப் போகேல்லை. அதைச் சுகியிட்டை நீங்களே சொல்லுங்கோ."

இதற்கு மேல் என்ன செய்ய? டிக்கெட் எடுத்தோம்.

ரொறன்ரோவிலிருந்து இரண்டு விமானம். பிறகு ஒரு நாள் முழுக்கக் சரளைக்கல் கிரவல் ரோட்டு. பிறகு படகு. ஆற்றுத் தண்ணீர் பால் விடாத பிளேன்ரீ நிறம். இரண்டு கரையிலும் ஸ்ப்ரூஸ் மரம் — ஒல்லியாக, கறுப்பாக, போத்தல் கழுவும் பிரஷ் மாதிரி. எவ்வளவு நேரம் போனாலும் அதே மரம். நுளம்புக் கடி? ஆஸ்திரேலிய ஈயை விசுக்கிப் பழகிய கைக்கு அதெல்லாம் ஒரு... இல்லை, பொய் சொல்லக்கூடாது. அழுகை வந்தது.

வழி முழுக்கப் பாலன் கதைத்தான். வீட்டு விலை கதைத்தான். முழங்கால் ஒப்பரேஷன் கதைத்தான். படகு என்ஜினுக்கு மேலால் கத்திக் கதைத்தான். நான் பதில் சொல்லவில்லை. அது அவனுக்கு ஒரு தடையாகவே தெரியவில்லை. கரை சேரும்போது அவன் தொண்டை கட்டிவிட்டது. காற்று மட்டும் வந்தது.

படகுக்காரி அந்த ஊர்ப் பெண். அறுபது வயதிருக்கும். எங்கள் சாப்பாட்டுப் பையை முகர்ந்து பார்த்தார். இறுக்கிப் பூட்டுகிற ஒரு பீப்பாயைத் தந்தார். றோல்ஸ் வாசம் கரடிக்கும் பிடிக்குமாம். பிறகு சொன்னார்:

"கரடிக்குத் திடுக்கிடுவது பிடிக்காது. ஆள் வருவது தெரிந்தால் தானே விலகிப் போய்விடும். அதனால் கதைத்துக்கொண்டே நடவுங்கள். நிறுத்த வேண்டாம்."

ராணி என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"நல்ல ஆளிட்டைச் சொன்னா. கரடி வந்து கட்டிப் பிடிச்சாலும் இவர் வாய் திறக்கார்."

நீர்வீழ்ச்சிக்கு ஒரு மணித்தியால நடை. தரை முழுக்கப் பாசி, மெத்தை மாதிரி அமுங்கியது. அக்காவும் தங்கையும் முன்னால் போனார்கள். அவர்கள் கதைத்த கதைக்கு அந்த மாகாணத்துக் கரடி எல்லாம் குடிபெயர்ந்திருக்கும். நானும் பாலனும் பீப்பாயை மாறி மாறிச் சுமந்தோம். பின்தங்கினோம். முன்னால் போன சத்தம் தேய்ந்தது. நின்றே போனது.

காடு அமைதியாகிவிட்டது.

பாலன் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். பிறகு என் வாயைக் காட்டினான்.

"கதையுங்கோ அண்ணை" என்று காற்றாக ஊதினான்.

"என்னத்தை?"

"என்னவும்... பலமா..."

என்ன கதைப்பது? நான் கோபித்திருக்கிற ஆளோடு நலம் விசாரிக்க முடியுமா? யோசித்தேன். எனக்குப் பாடமாகத் தெரிந்தது ஒன்றுதான். தினமும் வேலைக்குப் போகிற ரயில் நிற்கும் ஸ்டேஷன்கள்.

"பிளாக்டவுன்!" என்று கத்தினேன். "செவன் ஹில்ஸ்! டூங்காபி! பென்டில் ஹில்!"

பாலன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

"வென்ட்வேர்த்வில்! வெஸ்ட்மீட்! பரமட்டா!"

நன்றாகத்தான் போனது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் இழுத்து இழுத்துக் கத்தினேன். ஸ்ட்ராத்ஃபீல்ட் வந்தது. ரெட்ஃபேர்ன் வந்தது. சென்ட்ரல் வந்தது. நான் இறங்கும் இடம். அதற்கு மேல் எனக்கு ரயில் இல்லை.

நீர்வீழ்ச்சி இன்னும் வரவில்லை.

அப்போது பக்கத்துப் பற்றைக்குள் சடக்கென்று ஒரு சத்தம். பாலன் என் கையைப் பிடித்தான். "கதையுங்கோ... கதையுங்கோ!"

வாயைத் திறந்தேன். உள்ளே வேறு ஒன்றும் மிச்சம் இல்லை. இருந்தது வந்தது.

"எனக்கு உன்னோடை கோவம்!"

"ஆரோடை?"

"உன்னோடைதான்! நாலு வருஷமா! பிளாக்டவுன் ஹோலிலை மைக்கைப் பிடிச்சு என்னைப் பகிடி பண்ணினனி! சம்பந்தி சிரிச்சவர்! நான் உன்னோடை கதைக்கிறேல்லை!"

பற்றைக்குள்ளிருந்து ஒரு காட்டுக்கோழி எழும்பிப் பறந்தது.

பாலன் அதைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்தான்.

"நீங்கள் என்னோடை கதைக்கிறேல்லையோ?"

"ஓம்!"

"அதுக்கு முதலும் கதைக்கிறேல்லைத்தானே, அண்ணை?"

நான் பீப்பாயை மற்றத் தோளுக்கு மாற்றினேன்.

"ஒவ்வொரு ஞாயிறும் ராணியக்காவின்ரை போனிலை உங்களோடை கதைக்கிறனான்... நீங்கள் இருந்து கேக்கிறியள் எண்டெல்லோ நினைச்சன்."

கேட்டேன்தான். அவனுடைய முழங்கால் ஒப்பரேஷன் எந்தக் காலில் என்று எனக்குத் தெரியும்.

கோபம் கொள்கிறவன் ஒரு வேலையைச் செய்யத்தான் வேண்டும். சம்பந்தப்பட்ட ஆளுக்கு அதை அறிவிக்க வேண்டும். அறிவிக்காத கோபம் விரதம் மாதிரி. வயிறு காய்வது நமக்கு மட்டும்தான்.

திடுதிடுவென்று ராணி ஓடி வந்தாள். கையில் கரடியை விரட்டுகிற ஸ்பிரே. பின்னால் சுகி, ஒரு தடியோடு.

"என்ன? ஆர் கத்தினது?"

பாலன் என்னைக் காட்டினான்.

"அத்தானோ?" என்றாள் சுகி. "அத்தானுக்கு இப்பிடி ஒரு குரல் இருக்கோ?"

ராணி என்னைப் பார்த்தாள். பாலனைப் பார்த்தாள். ஸ்பிரேயைக் கீழே இறக்கினாள்.

"கதைச்சாச்சோ?"

"ஓம்."

நீர்வீழ்ச்சி? சொல்கிறேன். காடு திடீரென்று முடிந்தது. ஆறும் முடிந்தது. அவ்வளவு தண்ணீரும் ஒரே பாய்ச்சலாகக் கீழே போனது. காலுக்கடியில் பாறை அதிர்ந்தது. அந்த இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் கத்தினாலும் கேட்காது.

பாலன் அங்கே நின்றுதான் என் காதோடு ஏதோ சொன்னான். நீளமாகச் சொன்னான். தொண்டையும் இல்லை, தண்ணீரும் விடவில்லை. ஒரு சொல் கேட்கவில்லை. மன்னிப்பாக இருக்கலாம். றோல்ஸ் கேட்டிருக்கலாம்.

தலையாட்டினேன். பீப்பாயைத் திறந்து ஒரு றோல் கொடுத்தேன். வாங்கினான். கண் கலங்கியிருந்தது. ராணி மிளகு கொஞ்சம் கூடத்தான் போட்டிருந்தாள்.

திரும்பும் வழியில் ராணியிடம் சொன்னேன்.

"கலியாணத்துக்கு வாறன். ஆனால் மைக்கைப் பாலனிட்டைக் குடுக்கக் கூடாது."

"அப்ப ஆரிட்டைக் குடுக்கிறது?"

"என்னட்டை."

சுகி நின்றுவிட்டாள். "என்ன அத்தான் கதைப்பியள்?"

"ஸ்டேஷன் பேர்."

பாலன் காற்றுக் குரலில் சொன்னான்: "சரிதானே... கலியாணம் பொங்கலுக்குப் பிறகுதானே..."

அதே பகிடிதான். நாலு வருஷம் கழித்து எனக்கும் சிரிப்பு வந்தது.

கரை வரைக்கும் நான்தான் கத்தினேன். சென்ட்ரலில் ஏறிப் பிளாக்டவுனில் இறங்கினோம். படகுக்காரி சிரித்துக்கொண்டு நின்றார். எத்தனை கரடி கண்டீர்கள் என்று கேட்டார்.

பூச்சியம்.