சீனாத் தேயிலையும் ஆறாவது மாப்பிள்ளையும்

சாந்தோமில் அல்போன்ஸைப் பற்றி ஒரே பேச்சுத்தான். ஒரு தேயிலை டப்பாவை வைத்துக்கொண்டு, பெற்ற பெண்ணுக்கு வந்த ஐந்து மாப்பிள்ளைகளையும் துரத்திவிட்டார் என்பார்கள். பேச்சில் தப்பில்லை. ஆனால் நாலு பேருக்கு அந்தத் தேநீரைக் காய்ச்சிக் கொடுத்தவள் அந்தப் பெண் கிளாடிஸேதான் என்பது பேசினவர்களுக்குத் தெரியாது.

அல்போன்ஸ் சரக்குக் கப்பலில் இருபத்திரண்டு வருஷம் பரிமாறுகிற வேலை பார்த்தவர். கேப்டன்கள் "சூப் பிரமாதம்" என்று சொல்லிவிட்டு மிச்சத்தைக் கடலில் கொட்டுவதைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் உண்மை பேசுகிற ஆளே கிடையாது என்ற முடிவோடு 1967இல் கரை இறங்கினார். கையில் அரிசி டப்பா அளவுக்கு ஒரு தகர டப்பா. ஹாங்காங்கில் ஒரு சீனச் சமையல்காரர் கொடுத்தது. தோட்டத்துத் தேயிலை இல்லை, மலைக்காட்டில் தானாக வளர்ந்த மரத்திலிருந்து பறித்தது என்று கையை உயர்த்தி மரத்தின் உயரத்தைக் காட்டினாராம். ஒவ்வொரு இலையும் விரல் நீளம். கன்னங்கரேலென்று முறுக்கிக்கொண்டு, காய்ந்துபோன அட்டைப்பூச்சி மாதிரி இருக்கும்.

துறைமுகத்தில் சோதனை போட்டவர் டப்பாவின் மேலிருந்த சீன எழுத்தைப் பார்த்து மிரண்டு, கொதிக்க வைத்துக் குடித்துக் காட்டச் சொன்னார். அல்போன்ஸ் குடித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்துச் சந்தேகம் அதிகமாகி, சோதனைக்காரரும் ஒரு வாய் குடித்தார். "எத்துக்கினு போய்யா, இத்த எவன் கடத்தப் போறான்!" என்று அனுப்பிவிட்டார். அன்றைக்குப் பிறகு அல்போன்ஸ் அதைத் தொடவில்லை.

முதல் மாப்பிள்ளை வந்த அன்று வீட்டில் காப்பித்தூள் தீர்ந்திருந்தது. அவசரத்துக்கு அவர் மனைவி ஆலிஸ் அந்த இலையைக் கைப்பிடி அள்ளிப் போட்டு, பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதிக்கவைத்துக் கொடுத்துவிட்டாள். மாப்பிள்ளை கண்ணில் நீர் தளும்ப, "ஃபஸ்ட் கிளாஸ் டீ அங்கிள்" என்றான்.

அல்போன்ஸ் எழுந்து நின்றார். "பொய்! கல்யாணத்துக்கு முன்னாடியே பொய் சொல்றவன் அப்பால இன்னா சொல்ல மாட்டான்?"

சட்டம் அன்றைக்கே பிறந்தது. தேநீர் நன்றாக இருக்கிறது என்கிறவன் பொய்யன். பொய்யனுக்குப் பெண் கிடையாது. பெண் பார்க்கப் போன வீட்டில் கொடுத்ததைக் குறை சொல்கிற ஆண்பிள்ளை தமிழ்நாட்டில் ஏது? மற்ற நாலு பேரும் அதே வழியில் போனார்கள்.

கிளாடிஸ் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறாள். அந்த வீட்டுக்கு வந்த முதல் பட்டம் அவளுடையது. படித்ததனால் வந்த பெரிய லாபம், எதைச் செய்தாலும் ஏன் செய்தோம் என்று தன்னையே நோண்டிக்கொண்டிருப்பதுதான். அந்த நாலு பேரையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்லத் தைரியமும் இல்லை. அதனால் ஒவ்வொரு தடவையும் இலையை இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போட்டு, இன்னும் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டாள். எவ்வளவு கசந்தாலும் மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்றுதான் அவர்கள் சொல்வார்கள். பழி அப்பாவுக்கு. இது பொய்யில் சேருமா, சேராதா? விடைத்தாள் திருத்தும்போது இந்தக் கேள்வியும் கூடவே உட்கார்ந்திருக்கும்.

அப்படி ஒரு சாயங்காலம், குற்ற உணர்ச்சியோ என்னவோ, அவர்கள் குடித்ததைத் தானும் குடித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தாள். பாதிப் பாத்திரம் இலையை வீணாக்க மனசில்லாமல் இரண்டே சிட்டிகை எடுத்து, காப்பி ஃபில்டரில் போட்டு, முதல் வெந்நீரைக் கீழே கொட்டிவிட்டு இரண்டாம் தண்ணீரை ஊற்றி உடனே இறக்கினாள். பாலில்லை, சர்க்கரையில்லை. நாக்கில் கசந்தது. விழுங்கினபின் தொண்டையிலிருந்து மெதுவாக ஒரு தித்திப்பு ஏறி வந்தது, நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தாற்போல. மூன்று வருஷமாகத் தினமும் குடிக்கிறாள். வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆறாவதாக வந்தவன் பிலிப். கோடம்பாக்கத்தில் ஒரு ஸ்டூடியோவில் லைட்மேன். பள்ளி ஆண்டுவிழாவுக்கு விளக்குப் போட வந்தபோது, தலைமையாசிரியை தன் பேச்சு எப்படியிருந்தது என்று கேட்டதற்கு, "ரொம்ப நீளம்மா" என்று சொன்னவன். அந்த இடத்திலேயே கிளாடிஸுக்கு அவனைப் பிடித்துவிட்டது. இவனை விட்டால் வேறு யாரையும் கட்டிக்கொள்ளப் போவதில்லை என்று தீர்மானித்திருந்தாள்.

தேநீரைப் பற்றி அவனை எச்சரிக்கலாம். அது திருட்டுத்தனம். ஆகவே அன்றைக்கு ஒரு கணக்குப் போட்டாள். உண்மை பேசுகிறவன்கூட மரியாதைக்காக வாய் தவறிவிடக்கூடாது. குடித்தவுடன் கத்துகிற அளவுக்குக் கசக்க வேண்டும். இரண்டு கைப்பிடி இலை, முக்கால் மணி நேரம் கொதி. அடுக்களைச் சுவரில் இருந்த பல்லி இடம் மாறிப் போயிற்று.

பிலிப்பின் அம்மா புஷ்பம் ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். "இன்னாங்க இது, மூட்டப்பூச்சி மருந்தா?"

"அம்மா பரீட்சையில பாஸு!" அல்போன்ஸ் தொடையில் தட்டிக்கொண்டார். "தம்பி, நீ சொல்லு. எப்டி கீது?"

பிலிப் டம்ளரைக் காலி செய்திருந்தான். "நல்லா இருக்கு மாமா."

திரைக்குப் பின்னால் கிளாடிஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

"பொய்!"

"இல்ல மாமா. எனக்குக் கசப்புன்னா உசுரு. வேணும்னா இன்னொரு டம்ளர் குடுங்க."

இன்னொன்று வந்தது. அதையும் குடித்தான். மூன்றாவதையும் குடித்தான். அல்போன்ஸ் புஷ்பத்தைப் பார்த்து, "சினிமாக்காரன்! எப்டி நடிக்கிறான் பாத்தீங்களா?" என்றார்.

"நான் லைட்டு போடறவன் மாமா. நடிக்கிறவன் வேற."

"அவங்கள பாத்துப் பாத்துக் கத்துக்கினே!"

"பாவக்கா கொழம்பு வெச்சா சட்டியோட துன்னுடுவான்ங்க இவன்" என்றாள் புஷ்பம்.

"பெத்தவ சாட்சி செல்லாது" என்றார் அல்போன்ஸ்.

"இன்னாங்க, பொண்ணுக்கு இருபத்தெட்டு ஆவுது" என்று ஆலிஸ் முனகினாள்.

உண்மையானவன் என்று பெயர் வாங்க இவன் இப்போது ஒரு பொய் சொல்ல வேண்டும். சொல்லமாட்டான். சொன்னால் இவளுக்கே பிடிக்காது. கிளாடிஸ் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"அப்பா, அது எனக்கும் பிடிக்கும். மூணு வருஷமா தெனம் குடிக்கிறேன். முன்னாடி வந்த நாலு பேருக்கும் வேணும்னே கசக்கக் காய்ச்சினதும் நான்தான். எனக்கு அவங்களப் பிடிக்கல."

ஊரெல்லாம் தேடின பொய் தன் வீட்டு அடுக்களையில் இருந்ததை அல்போன்ஸால் சட்டென்று விழுங்க முடியவில்லை. "இத்தயா? நீயா?" என்று மட்டும் கேட்டார்.

கிளாடிஸ் உள்ளே போனாள். இரண்டு சிட்டிகை, ஃபில்டர், இரண்டாம் தண்ணீர். கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தாள். துறைமுகத்துக்குப் பிறகு ஏழு வருஷம் கழித்து அல்போன்ஸ் அதைக் குடித்தார். பழக்கதோஷத்தில் முகம் முதலிலேயே சுருங்கிக்கொண்டது. விழுங்கினார். சுருங்கின முகம் என்ன செய்வதென்று தெரியாமல் சற்று அப்படியே நின்று, பிறகு ஒவ்வொரு மடிப்பாகப் பிரிந்தது. கை தானாகத் தொண்டைக்குப் போயிற்று. மிச்சத்தை ஒரே மூச்சில் குடித்தார்.

"எப்டிப்பா இருக்கு?"

நன்றாக இருக்கிறது என்றால் அவருடைய சட்டப்படி அவர் பொய்யர். சுவரில் இருந்த இருதய ஆண்டவர் படத்தின் பக்கம் திரும்பாமல், "சகிக்கல" என்றார்.

"மாமா, நீங்க பொய் சொல்றீங்க" என்றான் பிலிப்.

ஆலிஸ் விசிறுவதை நிறுத்தினாள். அந்த வீட்டில் அல்போன்ஸின் முகத்துக்கு நேரே இதுவரை யாரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர் டம்ளரின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆலிஸு, நாளைக்கே சாமியாரைப் பாத்து கோயில்ல கல்யாண ஓல வாசிக்கச் சொல்லிடு" என்றார் கடைசியில். "இவன் பாஸு."

பிறகு காலி டம்ளரை மகளிடம் நீட்டினார்.

"ஊத்து. சகிக்கலன்னா சகிக்கலதான்."