ஆத்தாள் கழுத்தில் கிடந்த மெடல்

தொண்ணூறுகளில் உக்கடம் பக்கம் ஒரு மாரியம்மன் கோயில் வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் பட்டாளத்து உடுப்போடு ஒருவர் வேகமாக வந்து என் கூடை முன்னால் நின்றார். ஆம்பளைகளோடு நிமிர்ந்து பேசி எனக்குப் பழக்கமில்லை. பூவைப் பார்த்துக்கொண்டே, "எத்தனை முழமுங்க?" என்றேன்.

"பூ வேண்டாமுங்க்கா. ஆத்தா கழுத்துல என்ற மெடல் கெடக்குது. பத்து மணிக்குக் காந்திபுரத்துல பாராட்டு விழா. மெடல் இல்லாம எப்பிடிங்க போவேன்?"

அப்புறம்தான் தெரிந்தது, அது எங்கள் வீதி ராமாத்தாள் அக்காவின் மகன் செல்வராசு. எல்லையில் குண்டு பாய்ந்துகொண்டிருந்தபோது, அடிபட்டுக் கிடந்த கூட்டாளியைத் தோளில் போட்டுத் தூக்கி வந்ததற்குக் கிடைத்த மெடல் அது. முந்தின நாள் அக்கா அதைக் கொண்டுவந்து, அம்மனுக்குப் போடும் அரளி ஆரத்தின் நடுவே வைத்துக் கட்டச் சொன்னார். நானும் ரிப்பனை வாழைநாரால் இரட்டைக் கண்ணி போட்டு இறுக்கிக் கொடுத்தேன்.

அக்கா பின்னாலேயே வந்துவிட்டார்.

"குண்டு மழையில நீயாடா தப்பிச்சே? ஆத்தா காப்பாத்துனா. மெடல் அவளுக்குத்தான்."

"விழாவுக்கு என்னையத்தானம்மா கூப்புட்டிருக்காங்க? ஆத்தாளைக் கூப்புடலையே."

"சாமிக்குப் போட்டதைக் கழட்டுனா ஆகாது."

பூசாரி குறுக்கே வந்தார். "எதுக்குச் சண்டை? பூக் கேட்டுருவோமுங்க."

ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. இரண்டையும் இலையில் ஒன்றுபோல மடித்து அம்மன் முன்னால் வைப்பார்கள். கையில் வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. மடிப்பது என் வேலை.

வெள்ளையை மடித்துவிட்டுச் சிவப்பில் கை வைத்தேன். அக்கா பூப் பார்ப்பதுபோல் குனிந்தார்.

"அம்மணி, ரெண்டுலயும் வெள்ளையவே வெச்சுப்போடு. பையன் மெடலோட நடந்து போறத நானும் பாக்கோணுமல்லோ."

"அக்கா, ஆத்தா?"

"அவகிட்ட நான் பேசிக்கறேன்."

செல்வராசு பொட்டலம் எடுக்கக் கையை நீட்டினார். விரல் ஆடியது.

"ஏனப்பா, பட்டாளத்துலயும் இப்பிடித்தான் நடுங்குவியா?" என்றார் பூசாரி.

"அங்க ஆத்தாளும் எங்கம்மாளும் சேந்து நிக்கலீங்க."

வெள்ளை வந்தது. "ஆத்தாளே சொல்லிப்போட்டா, நான் என்ன பண்றது" என்று அக்கா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். என் நார் முடிச்சு மட்டும் யார் இழுத்தும் அவிழவில்லை. ஆரத்தை அறுத்து, நாரோடேயே மெடலைக் குத்திக்கொண்டு செல்வராசு பஸ்ஸுக்கு ஓடினார்.

சாயங்காலம் திரும்பி வந்து, மெடலை அம்மன் காலடியில் வைத்து ஒரு சல்யூட் அடித்தார். போகும்போது என் கூடையருகே நின்றார்.

"ஏனுங்க்கா, அந்த இன்னொரு பொட்டலத்துல சிவப்புத்தானுங்களே?"

நான் நிமிராமல், "எத்தனை முழமுங்க?" என்றேன்.

சிரித்துக்கொண்டே இரண்டு முழம் வாங்கிப் போனார்.

பூக்கட்ட வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நார் எத்தனை இறுக்கமோ, வாயும் அத்தனை இறுக்கமாக இருக்க வேண்டும். ராமாத்தாள் அக்கா உயிரோடு இருந்தவரைக்கும் நானும் அப்படித்தான் இருந்தேன்.