சுந்தரம்மாள் கல்லில் ஏற்றிய கார்

பசுமலையில் மலையாண்டி என்பவர் பழைய கார் ஒன்றை வாங்கி வாடகைக்கு ஓட்டிவந்தார். வண்டியைப் பிரித்து மாட்டும்போதெல்லாம் ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது அவர் மனைவி சுந்தரம்மாள்தான். எடுத்துக் கொடுத்தே எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். 1941இல் மலையாண்டி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். "வித்துரு மதினி, பொம்பளைக்கு எதுக்கு வண்டி?" என்றான் கொழுந்தன் காசிமாயன். அவள் விற்கவில்லை. சோணை என்பவரை டிரைவராக வைத்து ஓட்டினாள்.

சண்டைக்காலம். பெட்ரோலுக்குக் கூப்பன்; உதிரிச் சாமானோ கண்ணிலேயே படாது. ஊரில் எல்லா வண்டியும் ஓடும்வரை ஓடட்டும் என்றுதான் ஓடின. சுந்தரம்மாள் கணக்கு வேறு. கதவு தொங்கினால் கயிறு போட்டுக் கட்டுவாள். கூரைத்துணி கிழிந்தால் ஊசி எடுப்பாள். இன்ஜின் முனகினால் முனகட்டும் என்பாள். ஆனால் வண்டியைத் திருப்புகிற சாமானும் நிறுத்துகிற சாமானும் தேய்ந்துவிட்டால், ஒரு நாள்கூடப் பொறுக்கமாட்டாள்.

1943 தை மாதம், பேரையூரில் நிலபுலமுள்ள பெரிய சம்சாரி பேயாண்டி வீட்டுக் கல்யாணம். பெண்ணை மதுரைக்கு அழைத்துப் போக அந்தக் காரைத் தருவதாகக் காசிமாயன் தானே வாக்குக் கொடுத்துவிட்டான். கல்யாணத்துக்கு முந்தின நாள் சோணை வந்து சொன்னார்:

"அக்கா, பிரேக்கு ரொம்ப ஆழமாப் போகுது."

"சக்கரத்தைக் கழட்டுங்க."

கழற்றிப் பார்த்தால், சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பட்டை தேய்ந்து ஆணித்தலைகள் பளபளவென்று தெரிந்தன. நான்கு சக்கரத்திலும் அதே கதை.

"பிரேக்குக் கம்பியை இறுக்கி விட்டா நாளைக்கு ஒரு நாளு ஓடிரும்கா."

"ஓடும்ணே. நிக்குமா?"

சோணை பட்டைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அன்று மதியமே பட்டைகளைக் கோணியில் கட்டி, மதுரையில் பட்டறை வைத்திருந்த அப்துல் அலீமிடம் கொண்டுபோனார். கார் நான்கு கல்லின்மேல், சக்கரம் இல்லாமல் நின்றது.

விடிந்ததும் காசிமாயன், பேயாண்டியையும் கூட்டிக்கொண்டு வந்தான். காரைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்துவிட்டது.

"என்ன மதினி இது? நான் வாக்குக் குடுத்திருக்கேன்!"

"வாக்கு நீங்க குடுத்தது தம்பி. வண்டி என்னுது."

பேயாண்டி குரலை உயர்த்தினார். "ஏத்தா, எம்புட்டுப் பேரு முன்னால என்னையக் கேவலப்படுத்துற? இனிமே எங்க ஊர்ப்பக்கம் ஒரு பய உன் வண்டியக் கூப்பிட மாட்டான், பாத்துக்க!"

"கூப்பிட வேணாங்க. நிக்காத வண்டியில உங்க பொண்ண நான் ஏத்த மாட்டேன். ஏத்தணும்னு நீங்களே சொன்னாலும் ஏத்த மாட்டேன்."

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, நின்ற இடத்தைவிட்டு நகராமல் நின்றாள். கல்யாணப்பெண் பஸ்ஸில் போனாள்.

அலீம் ஒன்பது நாள் அலைந்து, கழித்துப்போட்ட ஒரு லாரியின் பட்டையை வாங்கி, அளவுக்கு அறுத்து, ஆணி அடித்துக் கொடுத்தார். "முன்சக்கரத்துக்கு மட்டும் போடுவோமாம்மா? பின்னாடி கொஞ்ச நாள் தாங்கும்" என்று கேட்டுப் பார்த்தார். "நாலுக்கும் போடுங்க பாய்" என்றாள்.

பேயாண்டி சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். பேரையூர்ப் பக்கமிருந்து ஒரு சவாரிகூட வரவில்லை. சுந்தரம்மாள் வண்டியை வடக்கே அலங்காநல்லூர்ப் பக்கம் திருப்பிவிட்டாள். பிரசவத்துக்குப் போகிறவர்களும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களும் அவளைத் தேடி வந்தார்கள். முதல் ஆறு மாதம் பாதி நாள் வண்டி சும்மாதான் கிடந்தது. அவள் வருத்தப்படவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் யாரிடமும் போய் நிற்கவில்லை.

அவள் செய்தது சரி என்று காட்ட எந்த விபத்தும் நடக்கவில்லை. இரண்டு வருஷம் பேசாமல் இருந்த காசிமாயன், ஒரு சாவு வீட்டில் அதையே குத்திக் காட்டினான்.

"அன்னைக்கு ஓட்டியிருந்தாலும் ஒண்ணும் ஆயிருக்காது மதினி."

"ஆயிருக்காதுதான் தம்பி," என்றாள் சுந்தரம்மாள். "அதச் சோதிச்சுப் பாக்க ஊரான் பெத்த பிள்ள எதுக்கு?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். மத்தியானம் அலங்காநல்லூருக்கு ஒரு சவாரி இருந்தது.