தம்பிக்கு முடி இறக்கிய கல்

நாலு வயதாகியும் தம்பிக்கு முதல் முடி இறக்கவில்லை. இடுப்புவரை தொங்கியதை அம்மா தினமும் இரட்டைச் சடையாகப் பின்னிவிடுவாள். கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் சந்தில் எல்லோரும் அவனைப் பெண்பிள்ளையாக்கி "மோளே" என்றுதான் கூப்பிட்டார்கள். அவனும் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதுதான் வம்பு வந்தது. ஆண்பிள்ளை என்றால் முடியை எடுத்துவிட்டுக் கூட்டி வாருங்கள் என்று டீச்சர் திருப்பி அனுப்பிவிட்டார்.

முதல் முடி குலதெய்வத்துக்கு உரியது, அதை வேறெங்கும் இறக்கக்கூடாது என்பதில் அப்பா ஒற்றைக் காலில் நின்றார். அந்தக் குலதெய்வம் எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. இளவயதில் கொச்சிக்கு வந்து முனிசிபாலிட்டி வேலையில் சேர்ந்த தாத்தா, பிறகு ஊர்ப்பக்கம் போகவே இல்லை. திருச்செந்தூருக்குத் தெற்கே, கடலோரம், சிவப்பு மணல்மேடு, அதில் நட்டுவைத்த ஒரு கல் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அப்பாவும் அதே முனிசிபாலிட்டியில் ரோடு போடும் வேலையில் இருந்தார்.

தேடித் தருவதாக முன்வந்தவர் மாமா. அம்மாவின் தம்பி. யூதர்களின் பழைய தெருவான ஜூ டவுனில் ஆட்டோ ஓட்டிக்கொண்டு, வெள்ளைக்காரர்களுக்குப் பழைய இடங்களைக் காட்டியே பிழைத்தவர். முடி இறக்கும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும் என்பதால் அவருக்கும் இதில் பொறுப்பு இருந்தது.

"பழைய சாதனம் கண்டுபிடிக்கறதுதானே அத்தான் என் ஜோலி? எல்லாம் ஞான் பாத்துக்கறேன்" என்றார்.

ரயிலும் பஸ்ஸும் மாறி அந்தக் கடலோரத்தில் போய் இறங்கினோம். சவரக்கத்தியோடு ஒரு நாவிதரையும் வழியில் பேசிக் கூட்டிக்கொண்டோம். ஆனால் சொந்தச் சாமியைத் தொலைத்துவிட்டோம் என்று அந்நியரிடம் சொல்ல மாமாவுக்கு வெட்கம். அதனால் ஜூ டவுன் வழக்கத்திலேயே விசாரித்தார்: "சேட்டா, இங்க ரொம்பப் பழைய எடம் ஏது?"

சாயாக்கடைக்காரர் எங்களை ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் என்று நினைத்துவிட்டார். பாறைமேல் நின்ற ஒரு மாதாகோவிலைக் காட்டினார். நல்ல கோவில். எதற்கும் இருக்கட்டும் என்று நான் கும்பிட்டு வைத்தேன். அங்கே இருந்தவர் இதைவிடப் பழசு என்று கூரையில்லாத ஒரு விளக்குக் கோபுரத்துக்கு அனுப்பினார். அதையும் கும்பிட்டேன். "இதா நம்ம சாமி?" என்று தம்பி ஒவ்வோர் இடத்திலும் கேட்டான். எனக்கோ எங்கள் சாமி வீடு மாறிக்கொண்டே இருக்கிறதோ என்று குழப்பமாக இருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் ஒரு பனையேறி எங்களைத் தேரிக்காட்டுக்குள் கூட்டிப்போனார். கண்ணுக்கெட்டிய தூரம் சிவப்பு மணல். அப்பாவின் முகம் அப்போதுதான் தெளிந்தது. மணலில் பெரிய பெரிய பானைகளின் வாய் மட்டும் தெரிந்தது.

"இந்தா கெடக்குல்லா, தாழி. செத்தவங்கள உள்ள வச்சிப் பொதைச்சது. இதவிடப் பழசு இந்தப் பக்கம் கெடையாது அண்ணாச்சி" என்றார் அவர் பெருமையாக. பழசு கேட்டோம், காட்டிவிட்டார். அம்மா தம்பியை இழுத்து முந்தானைக்குள் மூடிக்கொண்டாள்.

"வெளிச்சம் போயிரும், கடைசி பஸ்ஸும் போயிரும்" என்றார் நாவிதர்.

அப்பா மணலில் உட்கார்ந்துவிட்டார். "நமக்குச் சாமியே இல்லன்னு வெச்சுக்கலாம்" என்றார். அந்தக் குரல் எனக்குப் பயமாக இருந்தது. சாமி இல்லாத வீடு என்றால் தம்பிக்குப் பள்ளிக்கூடமும் இல்லை என்று நினைத்தேன்.

அப்போதுதான் உடைமரப் புதருக்குப் பின்னாலிருந்து மாமா கத்தினார். "அத்தான், கிட்டிப்போச்சு!"

நான்தான் முதலில் ஓடினேன். முழங்கால் உயரத்தில் ஒரு கல். அதன் தலையில் ஓர் அம்புக்குறி வெட்டியிருந்தது.

"மாமா, இதென்ன அம்பு?"

"சாமியோட வேலுடீ. மிண்டாதே, வாயை மூடு" என்று சொல்லிக்கொண்டே கொண்டுவந்த மஞ்சளைக் குழைத்து அதன்மேல் அப்பினார். அவசரத்தில் அம்பின் வால் மறையவில்லை.

அப்பா வந்து நின்றார். கல்லையே பார்த்தார். பிறகு மாமாவின் முகத்தைப் பார்த்தார். மாமாவின் கையிலிருந்து மஞ்சளை வாங்கி, வெளியே தெரிந்த வாலின்மேல் நிதானமாகப் பூசினார். சுற்றிலும் பூசினார். கல் முழுக்க மஞ்சளான பிறகு நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. தம்பி மாமாவின் மடியில் ஊரே கேட்கும்படி அழுதான். ஜூனில் மொட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் போனான்.

கல்லூரி நாட்களில் கொச்சி தேவராவில் பஸ்ஸுக்கு நிற்கையில், ரோட்டோரம் அதே உயரத்தில் ஒரு கல்லைப் பார்த்தேன். தலையில் அதே அம்பு. நிலம் அளந்து நடுகிற சர்வே கல் என்றாள் தோழி. மாமா அப்பாவை ஏமாற்றிய கெட்டிக்காரத்தனத்தை நினைத்து வீடுவரை சிரித்துக்கொண்டே வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் சிரிப்பு நின்றது. வாழ்நாள் முழுக்க இந்தக் கற்களைப் பார்த்துத்தான் அப்பா ரோடு போட்டார். சோற்றுத் தூக்குவாளியை அவர் அப்படியொரு கல்லின் மேல் வைத்துத் திறப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

அந்தத் தேரிக்காட்டில் எனக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். மாமா சரியாகப் பூசவில்லை, அப்பா வந்து சரியாகப் பூசினார்.