மணப்பாட்டுச் சரிவில் எங்கள் வேனை நிறுத்திய புளியங்கட்டை

தூத்துக்குடிக் கடலோரமாக வேனில் போக வழி கேட்டுச் சிலர் எழுதியிருந்தீர்கள். வழியைச் சொல்கிறேன், கூடவே ஒரு கட்டையைப் பற்றியும். 1975, பொங்கல் முடிந்த வாரம். என் மனைவி சாந்தி அதுவரை கடலைப் பார்த்ததில்லை. அதற்காகவே மதுரையில் ஒரு பழைய பால் வேனை வாங்கி, பலகைப் படுக்கை, மண்ணெண்ணெய் ஸ்டவ், எட்டு மாதக் குழந்தை கயலுக்குச் சேலைத் தொட்டில் என்று எல்லாம் நானே கட்டினேன். அந்தப் பெருமை தலைக்கு ஏறியிருந்தது, ஒத்துக்கொள்கிறேன். கை பிரேக் மட்டும் சுமார்தான்.

காலை ஆறரைக்குத் தூத்துக்குடியை விட்டுக் கிளம்பினோம். ஆத்தூரில் டீ, இருபது பைசா. திருச்செந்தூர் நாற்பது கிலோமீட்டர். அங்கிருந்து மணப்பாடு இன்னும் பதினெட்டு. பத்து மணிக்கு, மேட்டுக் கோயிலுக்கு ஏறும் சரிவில் வேனை நிறுத்தினேன். பின்னால் நேராகக் கடல். சாந்தி கதவைத் திறந்து இறங்கிக் கடலைப் பார்த்து நின்றாள்.

பின் சக்கரங்களுக்கு அண்டை கொடுக்கக் கல் தேடினேன். ஒரு சுவரோரம் வெள்ளை வெள்ளையாகக் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றும் தலை அளவு, தூக்கினால் கனமே இல்லை. அப்போதாவது யோசித்திருக்க வேண்டாமா? இரண்டை எடுத்து வைத்துவிட்டு, கயல் தொட்டிலில் தூங்கட்டும் என்று இருவரும் பக்கத்துக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போனோம்.

நறநறவென்று சத்தம். திரும்பினால் வேன் பின்பக்கமாக இறங்குகிறது. உள்ளே குழந்தை. குடத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். எட்டாது என்று ஓடும்போதே தெரிந்துவிட்டது.

சரிவோரம் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா, "மாதாவே, வண்டி போவுது!" என்று கத்தியபடி, மீனை வைத்து வெட்டும் தன் புளியங்கட்டையை இரண்டு கையாலும் தள்ளிச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்தார். கட்டை சாய்வாகப் பிளந்தது. ஆனாலும் பிடித்துக்கொண்டது. வேன் நின்றது. கயல் விழிக்கக்கூட இல்லை.

"முருகைக் கல்லையா அண்டக் குடுத்தீரு? கடலுக்குள்ள எடுத்துச் சுண்ணாம்புக்குச் சுடுத கல்லுல்லா அது! டயர் ஏறுனா மாவாப் போவும்."

"உங்க கட்டை உடைஞ்சு போச்சேம்மா" என்றேன்.

"கட்டை கெடக்கு. புள்ளயத் தூக்கும் மொதல்ல."

தூக்கினேன். அவரே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார். பேர் ரோசம்மா என்று சொன்னார். கிளம்பும்போது பிளந்த இரண்டு துண்டையும் வேனுக்குள் போட்டு, "இனிமே இதக் குடும், ரெண்டு சக்கரத்துக்கும் ஆச்சு" என்றார். அந்த அம்மாவுக்கு நான் அன்றைக்கு ஒழுங்காக ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இன்று சொல்கிறேன்: என் பிள்ளையைத் திருப்பிக் கொடுத்தவர் அவர்.

போகிறவர்களுக்கு: சரிவில் கை பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள், கியரிலும் போடுங்கள். பள்ளத்துப் பக்கம், டயரோடு ஒட்டி, ஆப்பு மாதிரிச் சாய்வான மரக்கட்டை கொடுங்கள். மணலில் புதையும், அடியில் பலகை வையுங்கள். என்ன கொடுத்திருந்தாலும் குழந்தையை உள்ளே விட்டுப் போகாதீர்கள்.

கயல் இப்போது சொந்த வேன் வைத்திருக்கிறாள். போன மாதம் அவள் ஊருக்குக் கிளம்பும்போது புது ரப்பர் கட்டைகள் வாங்கிக் கொடுத்தேன். சரி என்று வாங்கி வைத்துக்கொண்டாள். வண்டியை எடுக்கும் முன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அப்பா, ரோசம்மா கட்டை எங்கே?" என்று கேட்டாள்.