ஓமம் வளர்க்காத கல்யாணம்

என் கல்யாணத்தில் தாலி கிடையாது, ஐயர் கிடையாது, ஓமம் கிடையாது. வேண்டாம் என்றது நானில்லை. தாலி அடிமைச் சின்னம் என்று மேடையில் மைக்கைப் பிடித்து முழங்கினானே, அந்த மாப்பிள்ளைதான். "ஒரு மஞ்சக் கயிறாவது கட்டிடுங்க மாப்ள, ஊரு வாய மூடணும்" என்று என் அம்மா கெஞ்சினாள். "சுயமரியாதைக் கல்யாணத்துல அதெல்லாம் கிடையாதுங்க" என்று சிரித்தான். மாலை மாற்றிக்கொண்டோம். கூட்டம் கைதட்டியது. விருத்தாசலம் முழுக்க அன்றைக்கு அவன் பேச்சுத்தான்.

நான் பீங்கான் பட்டறையில் கப்புகளுக்குக் கைப்பிடி ஒட்டும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். குடும்பம் ஒழுங்காகத்தான் நடந்தது. பிள்ளை இல்லை என்பது அவனுக்கு ஒரு சாக்கு. சில வருஷம் கழித்து, எனக்குத் தெரியாமல், சேத்தியாத்தோப்பில் ஒரு வசதியான வீட்டில் பெண் கட்டினான். பட்டு வேட்டி, ஐயர், ஓமம், தாலி எல்லாம் உண்டு. அடிமைச் சின்னம் எங்கே போயிற்று என்று கேட்க அங்கே ஒருவருக்கும் வாய் இல்லை.

நேரே போய்க் கேட்டேன். "நமக்கு நடந்தது கல்யாணமே இல்ல. வக்கீலக் கேட்டுட்டுத்தான் செஞ்சேன்" என்றான். நானும் ஒரு வக்கீலிடம் ஓடினேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"அவரு சொல்றது சரிதாம்மா. சடங்கு இல்லாத கல்யாணத்தச் சட்டம் ஒத்துக்கல. கேஸு நிக்காது."

அன்றைக்குக் கைதட்டிய அத்தனை பேரும் என்ன, குருடர்களா? பட்டறையில் "வச்சிருந்தவன் விட்டுட்டான்" என்று என் காதுபடவே பேசினார்கள். அந்தப் பேச்சை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு ஆட்சி மாறியது. சுயமரியாதைக் கல்யாணம் செல்லும், முன்னால் நடந்ததும் செல்லும் என்று சட்டம் வந்தது. மறுபடி அதே வக்கீலிடம் போனேன்.

"நீ சட்டப்படி பொண்டாட்டிதாம்மா" என்றார்.

"அப்ப சேத்தியாத்தோப்புக் கல்யாணம்?"

"அதுவும் செல்லும். அன்னைக்கு அது முறைப்படி நடந்ததுல்ல."

"அவனுக்குத் தண்டனை?"

"கெடையாது. சட்டம் வர்றதுக்கு முன்னால செஞ்சதுக்குத் தண்டிக்க முடியாது."

அடப் பாவிகளா, நன்றாக இருக்கிறது உங்கள் நியாயம் என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே அம்மா வீட்டுக்குத் திரும்பினேன்.

சேதி தெரிந்து அவனும் பூவோடு பழத்தோடு வந்து நின்றான். "சட்டமே சொல்லிடுச்சு, நீயும் என் பொண்டாட்டிதான். பொறப்படு. அவ மாசமா இருக்குறா, வூட்டு வேலைக்கு ஆளு இல்ல" என்றான். கொஞ்சமாவது வெட்கம் இருக்க வேண்டாமா? அம்மா அதற்குள் என் துணிகளை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். பாவம், மகள் மறுபடி வாழப் போகிறாள் என்று அவளுக்குச் சந்தோஷம்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அவனோடு அல்ல, வக்கீலிடம்.

"அவன அறுத்துவுட மனு எழுதுங்க சார்."

"ஏம்மா, இப்பதான பொண்டாட்டின்னு ஆன?"

"ஆமா சார். இல்லாத கல்யாணத்த எப்படி அறுக்கறது? இப்ப இருக்குதுல்ல. எழுதுங்க."